ஏப்ரல், மே விடுமுறையில் சான்சிபார்: மசிகா மழையில் போகலாமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 8

என் மகன் தான்சானியாவின் சான்சிபார் தீவில் உள்ள சென்னை ஐஐடி வளாகத்தில் படிக்கிறான். இளையவளுக்கு ஏப்ரல் கடைசியில்தான் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அப்போது அவளையும் அழைத்துக்கொண்டு போய் மகனைப் பார்த்துவிட்டு, பத்து நாள் தீவையும் சுற்றிவரலாம் என்று நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். பயண முகவரோ, "அது அடைமழைக் காலம், அறையை விட்டு வெளியே வர முடியாது, பணம் வீண், ஆகஸ்டில் போங்கள்" என்கிறார். ஆகஸ்டில் எங்கள் இருவருக்கும் விடுப்புக் கிடைக்காது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் உள்ள நிலவரத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் சைவம்.

பிப்ரவரி 9

தாராளமாகப் போகலாம் அம்மா. கடலில் குளித்து, மணலில் படுத்து, பவளப்பாறை பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு உங்கள் முகவர் சொன்னது சரி. மகனைப் பார்க்க வருகிற பெற்றோருக்கு அது பொருந்தாது. நான் எதிர்க்கரையில், தான்சானியப் பெருநிலத்தில் உள்ள தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறேன். வேலை நிமித்தமாகவும் குடும்பத்தோடும் எல்லாப் பருவங்களிலும் அந்தத் தீவுக்குப் போய் வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

சான்சிபாருக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். மார்ச் நடுவில் தொடங்கி மே இறுதிவரை நீடிப்பது மசிகா என்னும் பெருமழை; அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்வது வூலி என்னும் சிறுமழை. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்து கஸ்காசிக் காற்று வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து கூசிக் காற்று வீசும். ஒரு காற்று ஓய்ந்து மற்றொன்று எழுவதற்கு இடைப்பட்ட நாட்களில், நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைப்பட்டை தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து போகையில் தீவைக் கடக்கிறது. அதுதான் மசிகா. ஏப்ரல் அதன் உச்சம். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிடும். சென்னையின் நவம்பர் மழையைக் கண்டவர்களுக்கு இந்த அளவு புதிதன்று.

மழை விழும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அச்சம் பாதி குறையும். பெரும்பாலான நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகோ விடியும் நேரத்திலோ கொட்டத் தொடங்கி, காலை ஒன்பது, பத்து மணிக்குள் ஓய்ந்துவிடும். பிறகு சுள்ளென்று வெயில் அடிக்கும். நண்பகலில் புழுக்கம் உடம்பைப் பிழிந்தெடுக்கும். மாலையில் மறுபடியும் ஒரு மழை வரலாம். நாள் முழுதும் விடாமல் பெய்வதும் உண்டு, அப்படிப்பட்ட நாட்கள் அடுத்தடுத்து வருவதும் உண்டு. ஆகவே பத்து நாள் பயணம் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம் என்று முன்கூட்டியே எழுதிவைக்காதீர்கள். எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை அன்று காலை வானத்தைப் பார்த்து முடிவு செய்யும்படி திட்டம் தளர்வாக இருக்கட்டும்.

பிப்ரவரி 9, இரவு

தேதி பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் கையில் இருக்குமானால் ஏப்ரல் கடைசி வாரத்தைவிட மே 15க்குப் பிறகு வருவது நல்லது. மழை குறையத் தொடங்கியிருக்கும், கூசிக் காற்று எழுந்து புழுக்கம் தணிந்திருக்கும், கூட்டமும் வந்திருக்காது. பள்ளி திறக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஏப்ரல்தான் முடியும் என்றால் அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம்.

பிப்ரவரி 14

எங்கே தங்குவது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மசிகாவில் பயணத்தின் நன்மை தீமையைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சான்சிபார் என்று நாம் சொல்லும் பெரிய தீவின் பெயர் உங்குஜா. அதன் மேற்குப் பாதி ஆழமான செம்மண் நிலம்; தென்னை, கிராம்பு, மா, பலா எல்லாம் அங்கேதான். கிழக்குப் பாதி பழைய பவளப்பாறை. மண் மெல்லிய போர்வையாகத்தான் மூடியிருக்கும், எங்கு பார்த்தாலும் புதர்க்காடு. மழை மேற்கில் அதிகம், கிழக்கில் குறைவு. அதோடு, கிழக்கில் விழும் நீர் பாறையின் துளைகள் வழியாக உடனே உள்ளே இறங்கிவிடுகிறது. மேற்குக் கரையில் உள்ள பழைய நகரமான ஸ்டோன் டவுனில் தெருவெல்லாம் நீராக இருக்கும் காலையில், அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாஜே கிராமத்தில் மணல் காய்ந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே கிழக்குக் கரைதான் நல்லது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கிழக்குக் கரையின் விடுதிகளில் பலவும் ஏப்ரல், மே மாதங்களில் கதவடைத்துவிடும். பழுது பார்ப்பதும் வெள்ளையடிப்பதும் அப்போதுதான் நடக்கும். திறந்திருப்பவற்றிலும் சமையற்கட்டு அரைகுறையாகத்தான் இயங்கும். ஒரு கரையோர விடுதியில் நாங்கள் தங்கியபோது முழுக் கட்டடத்திலும் எங்களைத் தவிர வேறு விருந்தினர் இல்லை. இரவு உணவுக்கு மதியமே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. அறையின் மெத்தையிலும் திரைச்சீலையிலும் பூஞ்சை வாடை. மகள் இரவெல்லாம் தும்மிக்கொண்டிருந்தாள்.

என் கருத்து: பெரும்பகுதி நாட்களை ஸ்டோன் டவுனில் கழியுங்கள், அங்கே உணவகமும் மருந்துக்கடையும் மருத்துவமனையும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. வானம் தெளிந்திருக்கும் இரண்டு நாட்களைப் பார்த்துக் கிழக்கே போய் வாருங்கள். போகும் வழியில் ம்வானக்வெரெக்வே என்னும் தாழ்வான பகுதி, பெருமழையில் நீர் தேங்குவதற்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. உலக வங்கிக் கடனில் மழைநீர் வடிகால்கள் கட்டியபின் நிலைமை முன்பைப் போல் இல்லை. ஆனாலும் விடிய விடியப் பெய்த மறுநாள் காலையில் அந்த வழியே அவசரமாகப் புறப்பட வேண்டாம்.

பிப்ரவரி 22

ஸ்டோன் டவுனில் மழை நாளில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

முதலில் ஊரைப் பற்றி. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பழைய நகரம் இது. வீடுகள் பவளக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு எழுப்பியவை. கூரையையும் மாடித் தளத்தையும் தாங்குவது அலையாத்தி மரக் கழிகள். அவற்றுக்குப் போரித்தி என்று பெயர். கழியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம், அதனால்தான் பழைய வீடுகளின் அறைகள் எல்லாம் ஒடுங்கி நீண்டிருக்கின்றன. தெருக்களோ இரண்டு பேர் கை கோத்து நடந்தால் மூன்றாமவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்.

வீட்டு வாசல்களின் இருபுறமும் கல் திண்ணைகள் உண்டு. அங்கே பராசா என்பார்கள். மாலையில் ஆண்கள் உட்கார்ந்து காப்பி குடிப்பதும், பாவ் என்னும் பல்லாங்குழி விளையாடுவதும், ஊர்ச் செய்தி பேசுவதும் அவற்றின்மேல்தான். மசிகாவில் அவற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. மழை கொட்டித் தெரு ஓடையாகிவிட்டால், மக்கள் திண்ணைமேல் ஏறி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடந்து போய்விடுகிறார்கள். தலையில் மாவு மூட்டை வைத்திருந்த ஒரு முதியவர், ஹுருமூசித் தெருவில் முழங்கால் ஆழ நீருக்கு மேலே, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே திண்ணை திண்ணையாகப் போவதை நின்று பார்த்தேன். திண்ணை முடிகிற இடத்தில் அங்கே உட்கார்ந்திருந்த இளைஞர்கள் தாமாகவே எழுந்து, மூட்டையைக் கைமாற்றி எதிர்ப்புறம் சேர்த்தார்கள். ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. இந்த ஊரை வெயில் காலத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்திருக்காது.

உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முதலிடம், பழைய அடிமைச் சந்தை இருந்த மனையில் எழுந்த ஆங்கிலிக்கன் பேராலயமும் அதை ஒட்டிய காட்சிக்கூடமும். சுல்தான் பர்காஷ் 1873 ஜூன் மாதத்தில் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையால் சந்தை மூடப்பட்டது. அந்த ஆண்டே ஆலயப் பணியும் தொடங்கியது. அரை நாளாவது ஒதுக்குங்கள். மகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது என்றால் அழைத்துப் போகலாம். மிகச் சிறியவள் என்றால் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது கடலோரத்தில் நிற்கும் பழைய மருந்தகம். தாரியா தோப்பன் என்னும் குஜராத்தி வணிகர் கட்டத் தொடங்கியது. அதன் மர மாடங்களின் செதுக்கு வேலையைப் பார்த்தால் குஜராத்தின் கட்ச் பகுதிக்கும் இந்தத் தீவுக்கும் இருந்த உறவு புரியும். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 1990களில் அதைப் பழுது பார்த்து மீட்டது.

பிப்ரவரி 23

நேற்று எழுதியதைப் படித்தபின் ஒன்று உறுத்துகிறது. திண்ணைக் காட்சியின் அழகைச் சொன்ன நான், அந்த வீடுகளுக்கு மழை என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. பவளக்கல் நீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் உறிஞ்சியதை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். விலை மலிவு, வேலை எளிது என்று சிமெண்டு பூசிய சுவர்களில் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கிறது, போரித்திக் கழிகள் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில் உளுத்துப்போகின்றன. பழைய வீடுகள் மழைக்காலத்தில் இடிவது அங்கே புதிய செய்தியன்று. அந்த வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

1883இல் பர்காஷ் எழுப்பிய அதிசய மாளிகையின் ஒரு பகுதி, சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே 2020 டிசம்பர் 25 அன்று சரிந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வளவு பெயர்பெற்ற கட்டடத்துக்கே அந்த நிலை.

ஆகவே தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பழைமையின் அழகை மட்டும் பார்க்காதீர்கள். படுக்கையறைக் கூரையிலும், சுவரின் மேல் மூலைகளிலும் கறை படர்ந்திருக்கிறதா, கழிகள் தொய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயம் எழுந்தால் அறையை மாற்றச் சொல்லத் தயங்க வேண்டாம். தரைத்தள அறை வேண்டாம். முதல் மாடியே போதும்.

மார்ச் 3

ரமலான் நோன்பு தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு மார்ச் மாதம் முழுவதும் நோன்பு, மாதக் கடைசியில் பெருநாள். ஆகவே கேள்வி கேட்ட அம்மாவுக்கு இது தடையில்லை. மார்ச்சிலேயே வர நினைக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும், பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் கூடாது. நம்மைக் கண்டிக்காமல் விட்டாலும், அது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

உணவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சைவர்களுக்கு: கவலை வேண்டாம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, தேங்காய்ப்பாலில் வேகும் துவரை, சிவப்பு மொச்சை போன்ற பயற்றுக் குழம்பு, சப்பாத்தி, கீரை ஆகியவை அந்நாட்டவரின் அன்றாட உணவே. மழை நாளுக்கென்றே பிறந்தது உரோஜோ. மஞ்சளும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்த இளஞ்சூடான நீர்த்த குழம்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பஜ்ஜி, கடலைமாவு உருண்டை, மேலே தேங்காய்ச் சட்னி, கடைசியாகப் பொரித்த மரவள்ளிச் சீவல். சீவல் ஊறுவதற்குள் குடிக்க வேண்டும். இறைச்சித் துண்டும் முட்டையும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், சொன்னால் போடமாட்டார்கள். உடன் இஞ்சித் தேநீர். கடலோரத் தோட்டமான ஃபொரொதானியில் மாலைச் சந்தை கூடும், ஆனால் அது திறந்தவெளி; பலத்த மழையில் கடைகள் கலைந்துவிடும். மழை மாலைகளில் ஊருக்குள் இருக்கும் சிறு கடைகளை நாடுங்கள்.

மார்ச் 12

தார் எஸ் சலாமிலிருந்து படகா, விமானமா என்ற கேள்வி மீண்டும் வந்திருக்கிறது.

விரைவுப் படகு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சிறு விமானம் இருபது நிமிடம். பணத்தை மட்டும் பார்த்தால் படகு. மசிகாவில் நான் விமானத்தையே சொல்வேன், குழந்தையோ முதியவரோ உடன் வந்தால் கட்டாயமாகச் சொல்வேன். வானிலை கெட்டால் இரண்டுமே தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனால் நடுக்கடலில் திடீர்ச் சூறை பிடித்துக்கொள்ளும்போது மூடிய அறைக்குள் நூற்றுக்கணக்கானவர்களோடு வாந்தியெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது குழந்தைகளின் நினைவில் பயமாகத் தங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு ஏப்ரலில் கடல் எப்போதும் கொந்தளிக்கும் என்று எண்ண வேண்டாம். பெரிய அலை கூசிக் காலத்துக்கு, அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் உரியது. ஏப்ரலில் காற்று ஓய்ந்து கடல் தட்டையாகக் கிடக்கும் நாட்களே மிகுதி. இடர், முன்னறிவிப்பின்றி வரும் சூறையில்தான்.

புயல் பற்றி. தீவு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறத்தாழ 6 பாகை தெற்கே இருப்பதால் புயல்கள் அங்கே எட்டுவது அரிது. அரிது என்பதால் இல்லவே இல்லை என்று ஆகாது. 2024 மே தொடக்கத்தில் ஹிதாயா புயல் தான்சானியக் கரையை நெருங்கி, மாஃபியா தீவுப் பக்கம் கரையேறியது. அப்போது சான்சிபார் படகுகள் நிறுத்தப்பட்டன. எங்கள் அலுவலகத்தில் இருவர் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: ஊருக்குத் திரும்பும் பன்னாட்டு விமானம் தார் எஸ் சலாமிலிருந்து என்றால், அதற்கு முந்தைய நாளே தீவைவிட்டு வந்துவிடுங்கள். நேரே சான்சிபார் விமான நிலையத்திலிருந்தே பயணச்சீட்டு எடுக்க முடிந்தால் இந்தக் கவலையே இல்லை.

மார்ச் 13

மழைக்குப் பயந்து துணிமணிகளை எல்லாம் பாலித்தீன் பைகளில் கட்டி எடுத்து வருவது நம் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை; வெளிநாட்டவருக்கும் பொருந்தும். சான்சிபார் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்துவிட்டது. சோப்பு, பற்பசை வைக்கும் சிறு ஜிப்லாக் பைகளுக்கு விலக்கு உண்டு, திரும்பும்போது அவற்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். துணிக்கு மெழுகுத்துணிப் பையோ, நீர்புகாத முதுகுப்பையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீடு: 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபாருக்கு வரும் வெளிநாட்டவர் அந்நாட்டு அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் பயணக் காப்பீட்டை எடுத்தாக வேண்டும், பெரியவருக்கு 44 அமெரிக்க டாலர். இந்தியாவில் எடுத்த காப்பீடு இருந்தாலும் இது தனி. இணையத்தில் முன்பே கட்டிவிட்டால் விமான நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மஞ்சள் காய்ச்சல்: அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ வருபவர்கள் இடையில் நீண்ட நேரம் தங்க நேர்ந்தால் சான்றிதழ் கேட்பார்கள். தடுப்பூசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்பதால், யோசித்துக்கொண்டிருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 30

வாசனைப் பயிர்த் தோட்டங்கள் மழையில் பார்க்கத் தகுந்தவையா என்று கேட்டவருக்கு: மழைவிட்ட முற்பகலில் தகும், மிகவும் தகும். கிசிம்பானி, கிதிச்சி பக்கத்துத் தோட்டங்களில் செம்மண் சேறாகி வழுக்கும். பிடிப்புள்ள காலணி இல்லாமல் போகாதீர்கள். இலைகளில் தூசி என்பதே இருக்காது. இலவங்கப் பட்டையின் வேரைச் சுரண்டி மூக்கருகே நீட்டுவார்கள்; கற்பூர மணம் வரும். சாதிக்காயைப் பிளந்தால் கொட்டையின் கறுப்பு ஓட்டைச் சுற்றிச் சாதிபத்திரி நல்ல குங்குமச் சிவப்பில் வலையாக ஒட்டியிருக்கும். கடையில் வாங்கும்போது பழுப்பாகத்தான் பார்த்திருப்போம்.

கிராம்பு பறிப்பை மட்டும் ஏப்ரலில் பார்க்க முடியாது. மழை முடிந்து, ஜூலை வாக்கில்தான் முதன்மைப் பறிப்பு தொடங்கும். மொட்டுகளை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும் என்பதால் மழையும் கிராம்பும் ஒத்துப்போவதில்லை.

உங்குஜாவைவிடச் சான்சிபாரின் இன்னொரு தீவான பெம்பாவில் கிராம்பு அதிகம் விளைவதற்கும் ஒரு மசிகாவே காரணம். 1872 ஏப்ரலில் அடித்த பெரும்புயல் உங்குஜாவின் கிராம்பு மரங்களில் மிகப் பெரும்பகுதியை வீழ்த்தி, துறைமுகத்தில் நின்ற சுல்தானின் கப்பல்களையும் உடைத்தது. பெம்பா பெரிதும் தப்பியது. அன்றிலிருந்து கிராம்பில் அந்தத் தீவுதான் முன்னால் நிற்கிறது. மார்ச் 12 குறிப்பில் புயல் அரிது என்று எழுதினேனே, அந்த அரிய ஒன்று ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே இடம் மாற்றியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஏப்ரல் 11

இந்த வாரம் வேலையாகத் தீவுக்கு வந்திருக்கிறேன். நேற்று பாஜேயில் கடல் வற்றியிருந்த நேரத்தில் கரையோரம் நடந்தேன். கிழக்குக் கரையில் வற்றும்போது நீர் வெகுதொலைவு பின்வாங்கிவிடும். அந்த வெளியில்தான் கடற்பாசி பயிரிடுகிறார்கள். வணிகப் பயிராக இது 1989இல் பாஜே, ஜம்பியானி கிராமங்களில் தொடங்கியது. வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மணலில் இரண்டு முளைகளை அடித்து, இடையே கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து விடுகிறார்கள்.

முழங்கால் நீரில் குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், மழை எப்படி என்று எனக்குத் தெரிந்த சுவாகிலியில் கேட்டேன். அவர் கையிலிருந்த கொத்தைத் தூக்கிக் காட்டினார். நுனிகள் வெளுத்து, தொட்டால் குழைந்து ஒடிந்தன. பெருமழையில் நன்னீர் கலப்பதும், ஆழம் குறைந்த நீர் வெயிலில் சூடாவதும் பயிரை வாட்டுகின்றன. அறுத்ததைக் காயவைப்பது அதைவிடப் பெரும் பாடு. பாதி காய்ந்த பாசிமேல் மழை விழுந்தால் உப்பு கரைந்து தரம் போய்விடுகிறது, வாங்குபவர் விலையைக் குறைக்கிறார். கிடைக்கும் விலையே கிலோவுக்குச் சில நூறு ஷில்லிங்குகள்தான். மேகம் திரண்டதும் பாய்களைச் சுருட்டி வீட்டுக்குள் இழுப்பதற்குக் குழந்தைகளும் ஓடி வருகிறார்கள்.

அவர்களைப் படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஏப்ரல் 12

"மழைக்காலத்தில் விடுதிக்காரர்கள் வாடிக்கையாளர் இல்லாமல் தவிப்பார்கள், பாதி விலை சொன்னாலும் அதிலும் பாதிக்குக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள்" என்று ஒருவர் இங்கே அறிவுரை எழுதியிருக்கிறார். கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இந்த அறிவுரையை நான் முழுமையாக மறுக்கிறேன்.

ஏப்ரலிலும் மேயிலும் விடுதிகள் மூடப்படும்போது பணியாளர்களில் பலர் ஊதியமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் மூட்டையோடு படகேறுகிறார்கள். தீவைச் சேர்ந்தவர்கள் மீன்பிடிக்கவும் கூலி வேலைக்கும் போகிறார்கள். மழையில் மீன்பிடிப்பும் சுருங்கிவிடும். விடுதி அறிவித்த குறைந்த விலையே ஆகஸ்டு விலையைவிட வெகு கீழே இருக்கும். அதை மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டுப் போவதில் நமக்கு என்ன குறை? வழிகாட்டியிடமும் வண்டி ஓட்டுபவரிடமும் பேரம் பேசி மிச்சப்படுத்தும் பத்தாயிரம் ஷில்லிங், அவர்கள் வீட்டில் அந்த வாரத்து அரிசி. மழைக்காலத்தில் வருவதால் அவர்களுக்கு ஒரு நன்மை விளைய வேண்டும் என்பதை நான் மனமார விரும்புகிறேன். வந்து, உள்ளூர்க் கடையில் உண்டு, உள்ளூர் வழிகாட்டிக்குச் சொன்ன கூலியைக் கொடுத்தால் அந்த நன்மை விளையும்.

விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வராதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படி வருபவர்கள் முதல் முழுநாள் மழையிலேயே மனம் கசந்துபோகிறார்கள்.

ஏப்ரல் 20

கேள்வி கேட்ட அம்மா, மே 16 அன்று சான்சிபாரில் இறங்குவதாகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்ல முடிவு. காட்டையும் உடல்நலத்தையும் பற்றி அவர் கேட்டவற்றுக்கு:

ஜோசானி காடு 2004 முதல் தேசியப் பூங்கா. உலகில் வேறெங்கும் இல்லாத, சான்சிபாருக்கே உரிய செங்கொலோபசுக் குரங்குகளுக்காக எல்லோரும் அங்கே போகிறார்கள். அந்தக் காடு நிலத்தடி நீர் மட்டம் மிக உயர்ந்த இடத்தில் வளர்ந்தது; பெருமழைக்குப் பின் அடிமரங்கள் நீரில் நிற்கும், சில பாதைகளை மூடிவிடுவார்கள். மே நடுவில் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனால் கொசு மிகுதி. முழுக்கை, முழுக்கால் உடையும் கொசு விரட்டும் களிம்பும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. குரங்குகள் மனிதருக்குப் பழகியவைதான் என்றாலும் இரண்டு, மூன்று மீட்டர் விலகியே நில்லுங்கள். மகள் கையில் தின்பண்டம் இருக்க வேண்டாம்.

மலேரியா: பல ஆண்டு உழைப்பால் சான்சிபார் அதை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறது. முற்றிலும் ஒழியவில்லை, மழையை ஒட்டி எண்ணிக்கை கூடும். தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது வேண்டும் என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடிநீர் அடைத்த புட்டியிலோ கொதிக்கவைத்தோ மட்டும். தெருவில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கழிவுநீரும் அதில் கலந்திருக்கும்.

ஏப்ரல் 21

மகனின் வளாகம் விமான நிலையத்துக்குத் தெற்கே, பிவெலேயோவில் இருக்கிறது. நகரத்திலிருந்து போகும் அந்தச் சாலை, நான் எச்சரித்த ம்வானக்வெரெக்வே வழியாகப் போவதில்லை. ஆகவே மழை நாளிலும் மகனைப் பார்க்கப் போய்வருவதில் பெரிய தடை இருக்காது. வார நாட்களில் அவனுக்கு வகுப்பு இருக்கும். காலையில் நீங்கள் மூவரும் நகரத்தையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, மாலையில் அவனைச் சந்திப்பது வசதி. கிழக்குக் கரைக்கான இரண்டு நாட்களை வார இறுதியில் வைத்தால் அவனும் சேர்ந்துகொள்ளலாம். பாஜேயில் கடல் வற்றும் நேரத்தை விடுதியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

மின்தடை பற்றி அவர் கேட்டது நியாயமே. தீவுக்கு மின்சாரம் பெருநிலத்திலிருந்து கடலடிக் கம்பி வழியாக வருகிறது. 2009 டிசம்பரில் அது பழுதாகி மூன்று மாதம் போல் தீவே இருண்டு கிடந்தது. 2013இல் புதிய கம்பி போட்டபின் அந்த அளவுக்கு இல்லை. மழையோடு சில மணி நேரம் போய் வரும், அவ்வளவே. சிறு கைவிளக்கு ஒன்றும் செல்பேசிக்கு பவர் பேங்க் ஒன்றும் போதும். சான்சிபாரின் மின்துளை பிரிட்டன் பாணியில் மூன்று சதுர முனை கொண்டது. அதற்கான மாற்றியைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள்.

மகனுக்கு ஊரிலிருந்து என்ன கொண்டுவருவது என்று கேட்டிருந்தார். பருப்பும் புளியும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் இங்கே குஜராத்திக் கடைகளில் கிடைக்கின்றன. இட்லிப்பொடி, வற்றல், ஊறுகாய் கிடைப்பதில்லை, அவற்றைக் கொண்டுவாருங்கள். ஈரக்காற்றில் வற்றல் இரண்டே நாளில் நமுத்துப்போகும் என்பதால் இறுக மூடும் டப்பாவில் போடுங்கள்.